குவாம் தீவின் ஹோட்னு: ஸ்பானியர் கொண்டுவந்த அடுப்பு எப்படிப் 'பாரம்பரியம்' ஆனது?

#1 இயந்திர அறை

வணக்கம் நண்பர்களே. கப்பல் பொறியாளன். மேற்குப் பசிபிக்கில் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் குவாம் தீவின் அப்ரா துறைமுகத்துக்கு எங்கள் கப்பல் போவதுண்டு. துறைமுகத்தை ஒட்டி பீட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊரில் உள்ள ஒரு பழைய ரொட்டி அடுப்பு அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கிறது என்று துறைமுகத்தில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்தால் சினஹானா, யோனா ஊர்களிலும் இதே போன்ற அடுப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன. கட்டிய குடும்பத்தின் பெயராலேயே ஒவ்வொன்றையும் குறிக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே கல்லும் காரையும் வைத்துக் குவிமாடம் போலக் கட்டிய கூண்டு. உள்ளூர்ப் பெயர் ஹோட்னு.

எனக்கு ஒட்டாத இடம் இதுதான். எல்லாக் குறிப்புகளிலும் 'பாரம்பரிய வெளி அடுப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கூண்டு அடுப்பு ஸ்பானியரோடு வந்தது. கோதுமையோ அந்தத் தீவில் விளைவதே இல்லை. ரொட்டி சுடுகிற அடுப்பு அங்கே வாழும் சமோரோ மக்களின் பாரம்பரியம் ஆவது எப்படி? குடியேற்ற ஆட்சியின் மிச்சத்தை அல்லவா இப்படி மெருகேற்றி வைத்திருக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கொத்துக்கரண்டி

கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒரு சந்தேகம். அடுப்பு எந்தக் கல்லில் கட்டியது? சுண்ணாம்புப் பாறை என்றால் எனக்கு ஆர்வம் கூடும். சுண்ணாம்புக் கல்லால் அடுப்பு கட்டுவதும், அதே சுண்ணாம்பைச் சாந்தாகக் குழைத்துப் பூசுவதும் கொஞ்சம் துணிச்சலான வேலை.

#3 இயந்திர அறை

சுண்ணாம்புப் பாறைதான் அண்ணா. தீவின் வடபாதி முழுக்கப் பழைய பவளப் பாறை மேடு. தெற்கில்தான் எரிமலைப் பாறை. சில அடுப்புகளில் செங்கல்லும் கலந்திருக்கிறது, பிற்காலத்தில் சிமென்ட் பூச்சும் ஏறியிருக்கிறது.

#4 தரைக்கு_அடியில்

தொல்லியல் படித்தவள் என்ற முறையில் உள்ளே வருகிறேன்.

குவாமும் சேர்ந்த மரியானா தீவுகளில் மனிதர்கள் குடியேறி ஏறத்தாழ 3500 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதிக் காலம் அங்கே கூண்டு அடுப்பு கிடையாது. இருந்தது சாஹான், அதாவது குழி அடுப்பு. குழி வெட்டி, விறகு எரித்து, அதில் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, இலை பரப்பி, கிழங்கையோ ஈரப்பலாவையோ வைத்து, மேலே இலையும் மண்ணும் மூடிவிடுவார்கள். சில மணி நேரத்தில் தன் ஆவியிலேயே வெந்துவிடும். ஹவாயில் இமு, ஃபிஜியில் லோவோ, சமோவாவில் உமு, நியூசிலாந்தில் ஹாங்கி என்று பசிபிக் முழுவதும் இதே குடும்பம்தான். மரியானாவில் இது தவிர மண்பானையும் உண்டு. அதைவிட, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே நெல் விளைந்த தீவுகள் அவை. தொலைதூரப் பசிபிக்கில் வேறெங்கும் அப்படி இல்லை.

1521 மார்ச்சில் மெகல்லன் வந்துபோனார். 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி ஸ்பெயினுக்கு உரிமை கோரினார். ஆனால் தீவின் வாழ்க்கை தலைகீழானது 1668இல் சான் விட்டோரஸ் பாதிரியார் தலைமையில் மிஷன் வந்த பிறகு. அவர் 1672இல் குவாமின் தூமோனில் கொல்லப்பட்டார், அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சண்டை. நோயும் போருமாக மக்கள்தொகை சரிந்தது. மிஞ்சியவர்களைக் கோயிலைச் சுற்றிய ஊர்களில் கட்டாயமாகக் குடியேற்றினார்கள். ஹோட்னு அந்த ஊர்களின் அடுப்பு. ஆகவே இயந்திர அறை சொல்கிற கசப்பு நியாயமானதுதான். கோயில் மணியும் அதே கூட்டத்தோடு வந்தது, அடுப்பும் அதே கூட்டத்தோடு வந்தது.

ஆனால் 'ஸ்பானியர் கொண்டுவந்தது' என்று அத்தோடு முடித்துவிட முடியாது. கோட்டைக் காவலுக்கு வந்த சிப்பாய்களில் கணிசமானோர் மெக்சிகோக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும். மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன கலியன் என்ற ஸ்பானியப் பாய்மரச் சரக்குக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை இந்தப் பாதையில் ஓடின, மேற்கே போகையில் குவாமில் நிற்பது வழக்கம். சோளமும் அதை அரைக்கும் அம்மிக்கல்லும் அந்த வழியில் வந்தன. சோளமாவுத் தட்டை ரொட்டியான திதியாஸ் இன்றும் அங்கே வீட்டுச் சாப்பாடு. மெக்சிகோ வழியாக வடக்கே போன இன்னொரு கிளையை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் தாவோஸ் புவெப்லோ என்ற பழங்குடி ஊரில் பார்க்கலாம். அங்கே மண்ணால் ஆன கூண்டு அடுப்பு. அந்தப் பழங்குடியினரிடம் போய் 'இது உங்களுடையதல்ல' என்று யாரும் சொல்வதில்லை.

#5 வடமராட்சியான்

நல்ல இழை. எங்கட ஊர்ப்பக்கம் விறகுப் போறணையில பாண் சுட்ட குடும்பம் நான். அப்பு காலத்துப் பேக்கரி. அதால இந்த ஹோட்னு எப்பிடி வேலை செய்யும் எண்டு படம் பார்த்தவுடனேயே விளங்கீட்டுது.

இதில நெருப்பும் பாணும் ஒண்டா இருக்கிறதில்லை. முதல்ல உள்ளுக்க விறகை அடுக்கிக் கொளுத்த வேணும். ஆரம்பத்தில கூண்டின்ர உட்பக்கம் புகை படிஞ்சு கரிக்கறுப்பா வரும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிஞ்சு போய், கல்லு வெளுக்கும். அது ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ். கல்லு வெளுத்தாத்தான் போறணை தயார். பிறகு தணலை வெளிய இழுத்துப்போட்டு, நீளத்தடியில ஈரச்சாக்குக் கட்டித் தரையைத் துடைச்சு, கதவை மூடிக் கொஞ்சநேரம் விடவேணும். மேல்கூரையின்ர சூடும் தரையின்ர சூடும் ஒண்டுக்கொண்டு சரிவர அந்த இடைவெளி தேவை. அவசரப்பட்டால் அடி கருகி நடு வேகாது.

சூட்டைப் பார்க்க ஒரு பிடி மாவைத் தரையில எறிவினம். உடனே கருகினாப் பொறுக்கவேணும். மெல்லச் சிவந்தா மாவை உள்ளே தள்ளலாம்.

இன்னொண்டு. வாசல் உயரம் முக்கியம். கூண்டின்ர உள்ளுயரத்தில நூற்றுக்கு அறுபது, அறுபத்துமூண்டு பங்கு இருந்தாத்தான் புகை மேலால போக, காத்துக் கீழால உள்ள வரும். புகைபோக்கி தேவையில்லை. வாசலை உயர்த்திக் கட்டினாச் சூடு நிக்காது, தாழ்த்தினா நெருப்பு மூச்சுத் திணறும். இதெல்லாம் அந்தத் தீவில கட்டினவைக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது? கட்டிக் கட்டித்தான் பிடிபடும். அப்பிடிப் பிடிபட்ட பிறகு அது வேறொருத்தன்ர எண்டு எப்பிடிச் சொல்லுறது?

#6 திண்ணை

ஒரு ரொட்டி அடுப்புக்கு இவ்வளவு பஞ்சாயத்தா! இட்லிக்கும் இதே பஞ்சாயத்துதான் நடக்கிறது, அங்கேயும் தீர்ப்பு வந்தபாடில்லை.

#7 கொத்துக்கரண்டி

வடமராட்சியான் அண்ணை சொன்ன 350 பாகைக் கணக்கை வைத்துத்தான் என் துணிச்சல் பேச்சுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புப் பாறையைக் காளவாயில் வைத்து 800, 900 பாகைக்கு மேல் சுட்டால் அது கல்லாக இருக்காது, சுட்ட சுண்ணாம்பாகிவிடும். தண்ணீர் பட்டால் பொங்கி உதிரும். ரொட்டி அடுப்பு அந்த அளவுக்குப் போவதில்லை, ஆகவே கூண்டு நிற்கிறது. ஆனாலும் விறகுத் தீ நேராக நக்குகிற இடத்தில் கல்லின் முகம் ஆண்டுக்கு ஆண்டு செதிள் செதிளாக உரியும். செங்கல் கிடைத்த காலத்தில் உள்பக்கம் செங்கல்லுக்கு மாறியிருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இன்னொரு ஆபத்து ஈரம். பவளக் கல் நீரை உறிஞ்சும். மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த அடுப்பில் ஒரே மூச்சில் பெருந்தீ மூட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல்லைப் பிளக்கும். முதலில் சின்னத் தீ, மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று காயவைக்க வேண்டும். குழி அடுப்புக்கு எரிமலைக் கல்லைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன், அக்கா திருத்தட்டும்.

சாந்துக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து என்றால், அவர்களிடம் முன்பே இருந்தது. சமோரோ மக்கள் வெற்றிலை போடுபவர்கள். பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு மூன்றும் அங்கே பழைய பழக்கம். பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கத் தெரிந்த ஊரில்தான் கல்லும் காரையும் சேர்த்துக் கட்டும் ஸ்பானிய முறை வந்து இறங்கியது. கூண்டின் வடிவம் மட்டும் கடல் கடந்து வந்தது. கல் அந்த மண்ணுடையது, சுண்ணாம்பு சுடும் கை அவர்களுடையது.

#8 தரைக்கு_அடியில்

எரிமலைக் கல் பற்றிச் சொன்னது சரிதான் தம்பி. இறுகிய பசால்ட் மறுபடி மறுபடி சூட்டைத் தாங்கும். சுண்ணாம்புக் கல் குழி அடுப்பில் சீக்கிரம் பொடிந்துவிடும். அகழாய்வில் எங்களுக்குக் கிடைப்பதும் இந்தச் சூடுபட்டு வெடித்த கற்களும் கரித்துண்டும் கறுத்த மண்ணும்தான். கரியை வைத்துக் காலம் கணிக்கிறோம்.

இங்கேதான் என் வருத்தம். சாஹானுக்குச் சுவர் இல்லை. வேலை முடிந்ததும் மூடிவிட்டால் அதன் மேல் கத்தரிச் செடி வைக்கலாம். கட்டடமாக நிற்பதைத்தான் பதிவேட்டில் கட்டடமாகச் சேர்க்க முடியும். மண்ணுக்குள் இருப்பது தொல்லியல் தளமாகப் பதிவாகலாம், ஆனால் யார் வீட்டுப் பின்புறத்தில் எது புதைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே முந்நூறு நானூறு ஆண்டுப் பழக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, மூவாயிரம் ஆண்டுப் பழக்கம் தெரிவதில்லை. 'பாரம்பரியம்' என்ற பட்டம் நிற்கும் கல்லுக்குப் போய்விடுகிறது.

#9 இயந்திர அறை

தரைக்கு_அடியில் எழுதியது: சாஹானுக்குச் சுவர் இல்லை.

என் மனதில் இருந்ததை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் அக்கா. அப்படியானால் நான் கேட்டதும் அதுதானே? ஸ்பானிய அடுப்புக்கு மரியாதை, சொந்த அடுப்புக்கு மறதி.

#10 வடமராட்சியான்

தம்பி, மறதி எண்டு சொல்லாதேங்கோ. அடுப்புக்குள்ள என்ன போச்சுது எண்டு பாருங்கோ. குவாமில ஈரப்பலாவைச் சீவி, காயவைச்சு, வருசக்கணக்கா வைச்சுச் சாப்பிடுற பழக்கம் இருந்தது. ஈரப்பலாவை லெம்மாய் எண்டு சொல்லுறவை. வெயில் இல்லாத நாளில அடுப்பின்ர மிச்சச் சூடு அதுக்கு உதவும். பாண் எடுத்த பிறகு போறணை ஒரு நாள் முழுக்கச் சூடா இருக்கும், அதில எதையும் உலர்த்தலாம். எங்கட ஆக்களும் அப்பிடித்தான், பாண் முடிஞ்ச போறணையில வேற சாமான் போகும்.

அதோட ஈஸ்ட். தீவில எங்கால ஈஸ்ட்? டூபா எண்ட தென்னங்கள்ளை ஊத்தித்தான் மாவைப் புளிக்க வைச்சவை. கள்ளு இறக்கிற வித்தை பிலிப்பைன்ஸ் ஆக்களோட வந்தது. அரிசியில செய்யிற போத்து எண்ட ஆவிப் பண்டத்துக்கும் அதுதான். அப்பத்துக்குக் கள்ளு விடுற எங்களுக்கு இது புதினமில்லை.

#11 தரைக்கு_அடியில்

வடமராட்சியான் சொன்னதோடு சேர்த்து ஒன்று. இயந்திர அறை 'சொந்த அடுப்பு' என்று பிரித்ததால் கேட்கிறேன். திருவிழாவில் சமோரோ வீட்டில் முழுப் பன்றி சுடுவது மிகப் பெரிய கௌரவம். யாரும் அதை அந்நிய உணவு என்பதில்லை. ஆனால் ஸ்பானியர் வருமுன் மரியானாவில் பன்றியே கிடையாது. சோளம் கிடையாது. மாடு கிடையாது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத் 'தூய' சமோரோ சமையலைத் தேடினால் மீன், கிழங்கு, ஈரப்பலா, தேங்காய், சோறு, வௌவால் என்று போகும். சுவையான பட்டியல்தான். ஆனால் முந்நூறு ஆண்டுகளாக அந்தப் பெண்கள் சமைத்ததை யார் கணக்கில் எழுதுவது?

எனவே என் முடிவு: ஹோட்னு பாரம்பரியம்தான். ஆனால் 'தொன்மையான' என்ற சொல்லை அதோடு ஒட்டக்கூடாது. சுற்றுலாத் தாள்களில் இரண்டையும் கலக்கிறார்கள், எனக்கு எரிச்சல் அதில்தான்.

#12 மணல்மேடு

இடையில் ஒரு கேள்வி. ஊருக்கு ஊர் இருந்திருக்க வேண்டிய அடுப்பு இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்கு ஏன் வந்தது? கேஸ் அடுப்பு மட்டும்தான் காரணமா?

#13 இயந்திர அறை

கேஸ் அடுப்பு கடைசியில்தான் வருகிறது. நான் திரட்டிய வரை சொல்கிறேன்.

1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா தீவை எடுத்தது. அதன் பிறகு கடற்படை ஆட்சி. மாவு கப்பலில் தாராளமாக வந்தது, ஆகவே இந்த அடுப்புகளின் நல்ல காலம் அமெரிக்கர் காலம்தான் என்று எனக்குப் படுகிறது. ஸ்பானிய வடிவம், அமெரிக்க மாவு!

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அன்று மாதாவின் திருநாள், மக்கள் கோயிலில் இருந்தார்கள். 10ஆம் தேதி தீவு சரணடைந்தது. அடுத்த இரண்டரை ஆண்டுகள் பஞ்சமும் கட்டாய உழைப்பும். கடைசி வாரங்களில் ஆயிரக்கணக்கானோரை யோனாவுக்கு அருகே மனெங்கோன் பள்ளத்தாக்குக்கு நடத்திச் சென்று அடைத்தார்கள். 1944 ஜூலை 21 அன்று அமெரிக்கப் படை இறங்கியது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த குண்டுவீச்சில் தலைநகர் ஹகாட்ஞா தரைமட்டமானது. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் திரும்பிப் போகவே இல்லை, வேறு ஊர்களில் குடியேறினார்கள். பெரிய அளவு நிலத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. வீடு போனால் வீட்டுப் பின்புறம் போயிற்று, பின்புறம் போனால் அடுப்பும் போயிற்று.

பிறகு 1962 நவம்பரில் கேரன் சூறாவளி. தீவின் பெரும்பாலான வீடுகளைச் சாய்த்தது. அதற்குப் பிறகு கான்கிரீட் வீடுகள், உள்ளேயே சமையலறை, கடை ரொட்டி. அதோடு ஹோட்னுவின் அன்றாட வேலை முடிந்தது.

#14 மணல்மேடு

நன்றி. கான்கிரீட் வீட்டுக்குள் போனதும் வெளி அடுப்புக்கு வேலை இல்லை என்பது புரிகிறது. ஓலைக் கூரை வீடாக இருந்தவரை நெருப்பை வெளியே தள்ளி வைத்திருப்பார்கள்.

#15 கொத்துக்கரண்டி

இயந்திர அறை தம்பி சிமென்ட் பூச்சு பற்றி ஆரம்பத்தில் எழுதினார், அதைப் பற்றிப் பேசாமல் போக மனமில்லை. யார் செய்தாலும் தவறு அது. சிமென்ட் இறுகியபின் அதற்குள் இருக்கும் சேர்மங்கள் 400, 500 பாகையில் நீரை இழந்து உடைகின்றன. அடுப்பு ஆறியதும் காற்றின் ஈரத்தை மறுபடி உறிஞ்சி ஊதுகின்றன. சூடு, ஆறல், சூடு, ஆறல் என்று நாலு முறை போனால் மயிர்க்கோடு விழும், பிறகு பொருக்குப் பொருக்காக வரும். அதோடு சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உள்ளே பவளக் கல் நனைந்தே கிடக்கும்.

உள் மூட்டுகளுக்குக் களிமண்ணும் மணலும் போதும். வெளியே சுண்ணாம்புப் பூச்சு. மேலே தகரத்திலோ ஓலையிலோ ஒரு கூரை போட்டு மழையைத் தடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பார்வைக்கு மட்டும் வைத்திருக்கும் அடுப்பு என்றால் இன்னும் மோசம். தீ மூட்டாத அடுப்பு காயவே காயாது, வேர் உள்ளே போகும். மாதத்துக்கு ஒரு தடவையாவது சின்னத் தீ வைக்கச் சொல்வேன். ஹவாயின் கோனாவில் வரலாற்றுச் சங்கம் ஒன்று போர்த்துகீசியக் குடியேறிகள் முறையில் கல் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு விற்கிறது. அந்த அடுப்பு புதிதாகக் கட்டியதுதான், ஆனால் கை மறக்கவில்லை. எனக்கு அது பெயர்ப்பலகை நட்ட பழைய அடுப்பைவிட மேல்.

#16 தரைக்கு_அடியில்

கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாகக் கட்டியது தொழிலைக் காட்டும், சரி. ஆனால் பழைய அடுப்பின் பூச்சுக்குள் கட்டியவரின் தேர்வு இருக்கிறது. எந்த இடத்தில் செங்கல், எந்த இடத்தில் கல், எத்தனை முறை பழுது பார்த்தார்கள் என்று படிக்கலாம். பத்து புதிய அடுப்பு கட்டினாலும் அது கிடைக்காது. மாதம் ஒருமுறை தீ வைத்தால் அந்தச் சாட்சியில் கொஞ்சம் ஒவ்வொரு முறையும் உரிந்து போகும், நீங்களே மேலே எழுதினீர்கள்.

#17 கொத்துக்கரண்டி

உரியும்தான் அக்கா. நனைந்து சரிவதைவிட உரிவது மெல்ல நடக்கும் என்பது என் கணக்கு. கூரை போட்டுவிட்டால் தீ வைக்க வேண்டாம் என்று நானும் இறங்கி வருகிறேன், அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

#18 திண்ணை

பஞ்சாயத்து முடிந்தது, கூரை போட வேண்டும் என்பது தீர்ப்பு. சரி, குவாம் போனால் இந்த அடுப்புகளை நேரில் பார்க்கலாமா? என் மச்சான் அங்கே போகப்போகிறான்.

#19 இயந்திர அறை

பதிவேட்டில் இருப்பதால் அரசுச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பதிவேடு அது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் வேலை அந்த இடத்தைத் தொட்டால் முதலில் பரிசீலனை செய்ய வைக்கும், அவ்வளவுதான். நிலம் தனியாருடையது என்றால், சொந்தப் பணத்தில் உரிமையாளர் இடித்தாலும் அந்தப் பட்டியல் தடுக்காது. அடுப்புகள் வீட்டை ஒட்டி இருப்பவை. மச்சானிடம் வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் படம் எடுப்பதற்கு முன்னால் கடைசியாக அதில் என்ன சுட்டார்கள் என்று கேட்டு வரட்டும், இங்கே எழுதுங்கள்.